வெட்டாத கத்தியின் வடிவு

கல்யாணங்களுக்குக் கேக் ஸ்ட்ரக்சர் வாடகைக்குக் கொடுப்பது என் தொழில். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்க அவைதான் அடுக்கி நிற்கும். மண்டப மேடையில் தட்டுத் தட்டாக வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, அந்தக் கேக்குக்குள் கேக் கிடையாது. உள்ளே ரெஜிபோம் என்கிற பாரமில்லாத வெள்ளைத் தக்கை, வெளியே இறுகிப்போன ஐசிங், அதன்மேல் நான் செய்து ஒட்டும் சீனிப்பூக்கள். விருந்தாளிகள் தின்கிற கேக் முன்கூட்டியே துண்டாகிச் சின்னப் பெட்டிகளுக்குள் போயிருக்கும். மாப்பிள்ளையும் பொம்பிளையும் வெட்டுவதற்கென்று கீழ்த்தட்டின் ஒரு மூலையில் மட்டும் கையளவு உண்மையான கேக் வைப்பேன். அநேகம் பேர் அதையும் வெட்டுவதில்லை. கத்தியை மேலே வைத்துக்கொண்டு கமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள், கேக் வெட்டியாயிற்று.

அந்தக் கத்தியையும் நான்தான் கொடுப்பேன். புறக்கோட்டையில் ஒரு கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. வெள்ளி நிறம். பிடியில் ரோஜாக்கள் புடைத்து நிற்கும். நீண்ட அலகு நுனிக்குப் போகப்போக மெல்ல வளையும். ஒவ்வொரு கல்யாணமும் முடிந்து வந்ததும் துடைத்து அதற்கென்றே உள்ள பெட்டியில் படுக்கவைப்பேன். இந்த வீட்டில் உன்னிடம் இருக்கிற சாமான்களிலே எது அழகு என்று யாராவது கேட்டிருந்தால் தயங்காமல் அதை எடுத்துக் காட்டியிருப்பேன்.

ஒரு மத்தியானம் ஒரு பெண் தன் தாயோடு கேக் பார்க்க வந்தாள். கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை, சலாட்டுக்கும் பழத்தட்டுக்கும் வெட்டி அடுக்கிற பகுதி என்று தாய் சொன்னார். தாய் ஸ்ட்ரக்சர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மகளோ நேராகப் போய்க் கத்தியை எடுத்தாள். எல்லோரும் முதலில் தடவிப் பார்க்கிற ரோஜாக்களை அவள் கவனிக்கவே இல்லை. ஒரு விரலின்மேல் குறுக்காக வைத்து அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள். பிறகு நகத்தை அலகில் வைத்தாள்.

“அக்கா, இது வெட்டுமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. “கேக்தானே பிள்ளை. வெட்டாமல் என்ன?”

“வெட்டிப் பார்த்தனீங்களா?”

“இல்லை” என்றேன். உண்மையும் அதுதான்.

தேத்தண்ணியோடு அவர்களுக்கு வைத்திருந்த பட்டர் கேக் துண்டின்மேல் அவள் கத்தியை வைத்து இழுத்தாள். கேக் நசிந்து, ஒரு பக்கம் உதிர்ந்து தட்டில் பரவியது.

“அது படத்துக்குத்தானே மகள்” என்றார் தாய். “ஏன் அதைப் போட்டு நசிக்கிற?”

“நாள் முழுக்க வெட்டுறதுதான் அம்மா என்ர வேலை. என்ர கல்யாணத்தில மட்டும் வெட்டுற மாதிரி நடிக்கச் சொல்றீங்களா?”

அங்கேயே முடிவாகிவிட்டது. கீழ்த்தட்டு முழுவதும் உண்மையான கேக், உலர்ந்த பழங்களும் கஜுப் பருப்பும் நிறைந்த ரிச் கேக். அதை அவளே செய்வாள், நான் ஐசிங் போட வேண்டும். கத்தி அவளுடையது.

“குசினிக் கத்தியையா மேடைக்குக் கொண்டு போகப் போற? சனம் என்ன சொல்லும்?” என்று தாய் கேட்டுக்கொண்டே படியிறங்கினார். அன்று பின்னேரமே எனக்குப் போன் எடுத்தார். “தங்கச்சி, அவள் சொன்னாக் கேக்க மாட்டாள். நீங்க எப்பிடியாவது அந்தக் கத்திய வடிவாக்கித் தாங்க.”

கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் கேக்கையும் கத்தியையும் கொண்டுவந்து தந்தாள். கத்தி துவாயில் சுற்றியிருந்தது. அவிழ்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. கறுத்த மரப்பிடி. மங்கிய சாம்பல் நிற அலகு. கல்லில் தீட்டித் தீட்டி அகலம் குறைந்திருந்தது. முகம் பார்க்கிற பளபளப்புக்கூட இல்லை.

“இறைச்சி தொடாத கத்தி அக்கா. பழமும் மரக்கறியும் மட்டும்தான்” என்றாள். “ஆனா கவனம். வடிவா வெட்டும்.”

அவள் போனபிறகு அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பேச்சில் வடிவு என்றால் அழகு. வடிவாகச் செய் என்றால் ஒழுங்காக, சரியாகச் செய். தாயும் மகளும் அந்த ஒரே சொல்லைத்தான் சொல்லியிருந்தார்கள். தாய் கேட்டது ஒன்று, மகள் சொன்னது வேறொன்று.

வெட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரவுச் சமையலுக்கு ஒரு தக்காளியை எடுத்தேன். அழுத்துவதற்குக் கையைத் தயாராக்கினேன், அதற்குள் கத்தி பலகையைத் தொட்டுவிட்டது. தக்காளியின் சாறு அப்படியே உள்ளே நின்றது. அடுத்து வெங்காயம். வழக்கமாக மூக்கைச் சிந்திக்கொண்டு வெட்டுகிறவள் நான், அன்று கண் அவ்வளவாக எரியவில்லை. பிறகு மரக்கறிக் கூடையில் கிடந்த லீக்ஸ், கரட், கோவா. தேவையில்லாதவற்றையும் வெட்டிக்கொண்டு நின்றேன்.

துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த என் கணவர் குசினி வாசலில் நின்று பார்த்தார். “இண்டைக்கு ஆரும் வாறாங்களா? என்ன இவ்வளவு மரக்கறி?”

“இல்ல. இந்தக் கத்தியைப் பிடிச்சுப் பாருங்க.”

அவர் ஒரு தேசிக்காயை வெட்டினார். பிறகு பேப்பர்த் தாள் ஒன்றைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து கீழாக இழுத்தார். தாள் சத்தமில்லாமல் இரண்டாகியது. வெட்டுப்பட்ட ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“அப்ப இவ்வளவு காலமும் நாங்க செய்தது என்ன?”

“கிழிச்சனாங்க போல” என்றேன்.

கழுவித் துடைத்து வெள்ளிக் கத்திக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சும்மா கிடக்கும்போது என் கத்திதான் அழகு. அதில் என் கண் மாறவே இல்லை. ஆனால் அந்தக் கறுத்த பிடிக் கத்தி நகரத் தொடங்கினால் வேறெங்கும் பார்க்க முடியவில்லை. அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. திரும்ப ஒரு கரட்டை எடுத்து வெட்டிப் பார்த்தேன். அப்போதும் விளங்கவில்லை.

தாய் கேட்டதையும் செய்ய வேண்டுமே. பிடியில் சாட்டின் ரிபன் கட்டினேன், கை வழுக்கியது. வெள்ளைப்பூ ஒன்றை வைத்தேன். நாடகத்தில் பெண் வேஷம் கட்டிய மீசைக்காரனைப் போலிருந்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மரப்பிடியில் மட்டும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. மறுநாள் புறப்படும்போது வெள்ளிக் கத்தியையும் பெட்டியோடு என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

காலையில் கல்யாணப் பூசை கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில். மண்டபம் மாப்பிள்ளையின் ஊரான வெள்ளவத்தையில். கேக்கை நிறுத்தியதும் கிளம்பிவிடுவது என் வழக்கம். அன்று தூணோரமாக நின்றுவிட்டேன். படமெடுப்பவர் மேசைக்கு வந்து கறுத்த கத்தியைப் பார்த்தார். நல்ல கத்தி எங்கே அக்கே என்று சிங்களத்தில் கேட்டார். இதுதான் நல்ல கத்தி என்றேன். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

தாய் என்னைப் பார்த்த பார்வையில் நான் பையைத் திறந்துவிட்டேன். பொம்பிளை கோபிப்பாள் என்று பயந்தேன். அவள் வெள்ளிக் கத்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சரி அக்கா. முதல்ல இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம். பிறகு அதால வெட்டுறன்.”

அப்படியே நடந்தது. படம் எடுத்து முடிந்ததும் அவள் தன் கத்தியை எடுத்தாள். மாப்பிள்ளை அவள் கையின்மேல் கையை வைத்தார்.

“சும்மா வைங்க. அமத்தாதீங்க” என்று மெதுவாகச் சொன்னாள்.

ரிச் கேக்கில் ஐசிங் வெடித்துச் சிதறுவது வழக்கம். கத்தி இறங்கியது. சீனி நொறுங்கும் சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. துண்டு சரிந்து தட்டில் படுத்தபோது, கறுத்த கேக்குக்குள் கஜுக்கள் பாதியாக வெட்டுப்பட்டு வெள்ளையாகத் தெரிந்தன. ஒன்றுகூட இடம் மாறியிருக்கவில்லை. அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் அலகைத் துணியால் துடைத்து, இரண்டு வீட்டாருக்கும் வெட்டிக்கொண்டே போனாள். போதும் என்று கையைக் காட்டிய படக்காரர், பிறகு தானே கமராவை மறுபடி தூக்கினார். முன்வரிசையில் இருந்தவர்கள் கதிரை நுனிக்கு வந்திருந்தார்கள்.

“கேக் வெட்டுறதை நான் இண்டைக்குத்தான் பார்க்கிறன்” என்று மாப்பிள்ளையின் தாய் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

சில வாரங்கள் கழித்து, கேக் வைத்த தட்டை எடுக்க வெள்ளவத்தையில் அவர்களுடைய பிளாட்டுக்குப் போனேன். சுவரில் கல்யாணப் படம் பெரிதாக மாட்டியிருந்தது. அவள் கையில் என் வெள்ளிக் கத்தி. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

“மற்றப் படம் சரியா வரேல்லையா?” என்று கேட்டேன்.

“வந்தது அக்கா. ஆனா அதில நான் உதட்டைக் கடிச்சுக்கொண்டு கேக்கையே பார்த்துக்கொண்டு நிக்கிறன். வேலைக்கு நிக்கிற மாதிரி. இதில பாருங்க, கத்தியும் வடிவு, நானும் வடிவு.”

“எனக்கு மற்றதுதான் பிடிக்கும்” என்றார் மாப்பிள்ளை. தன் போனைத் திறந்து காட்டினார். முகப்பில் அந்தப் படம்தான். அதில் யாருமே கமராவைப் பார்க்கவில்லை. அவள் கேக்கைப் பார்க்கிறாள், அவர் அவளுடைய கையைப் பார்க்கிறார்.

“ரெண்டையும் சுவரில போடுங்களேன்” என்றேன்.

“அதுக்கு இடமில்லை” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஒன்றையுமே வெட்டத் தெரியாத கத்தி ஒரு பெண்ணின் சுவரில் ஏறிவிட்டது. அவளை அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கவைப்பதுதான் அதன் வேலை என்றால், அதை அது குறையில்லாமல் செய்திருக்கிறது. அப்படியென்றால் அதற்கும் வேலை தெரியும் என்று சொல்லலாமா? கறுத்த கத்தியை யாராவது அழகில்லை என்றால் நான் ஒத்துக்கொள்வேனா? இந்த யோசனையில் இறங்கவேண்டிய இடம் கடந்துவிட்டது. அடுத்த ஹோல்டில் இறங்கி, தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன்.