கணக்கில் வராத கொசுறு

ராயபுரத்தில் அஜீசுன்னிசாவைப் பற்றிக் கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். சொல்லட்டும். அவள் டீச்சரான கதையைச் சொல்லும் உரிமை எனக்குத்தான் உண்டு, ஏனென்றால் அதைக் கெடுக்கப் பார்த்தவளே நான்தான். என் பேர் ஃப்ளோரா. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவரின் மனைவி. அவளும் நானும் ஒரே காம்பவுண்டில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, பதினாறு வருஷம் சண்டையும் சமாதானமுமாகக் குடித்தனம் நடத்தியவர்கள்.

அஜீசு வண்ணாரப்பேட்டையில் பிறந்தவள். தொழுகைக்குப் போடும் வெள்ளைத் தொப்பியைக் கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியால் பின்னுவது அவர்கள் வீட்டுப் பெண்களுக்குக் கைவந்த வேலை. ஏழு வயதில் பிடித்த ஊசியை அவள் கீழே வைக்கவே இல்லை. பக்ருதீன் பாயைக் கட்டிக்கொண்டு ராயபுரம் வந்தபோதும் டிரங்குப் பெட்டியில் ஊசிதான் முதலில் ஏறியது. நாற்பது வயதுக்குள் அவள் பின்னிய தொப்பிகளைப் போட்டவர்களை வரிசையாக நிறுத்தினால் கல்மண்டபத்திலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் நிற்பார்கள். ஆனால் அவர்களில் ஒருத்தருக்கும் அவள் பேர் தெரியாது. தொப்பி கடைக்காரர் பேரில்தான் போகும். அது அவளுக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் எங்கள் பக்கத்து மாதர் சங்கத்தில் கைவேலை வகுப்பு தொடங்கப்போவதாகச் சொன்னார்கள். டீச்சர் ஒருத்தி வேண்டுமாம். சர்ட்டிபிகேட் வைத்திருந்த ஒரு பெண்மணி முன்பே மனுப் போட்டிருந்தார். அஜீசு சர்ட்டிபிகேட்டுக்குப் பதிலாக ஒரு தொப்பியை எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

எழும்பூரிலிருந்து காரில் வரும் சங்கக் காரியதரிசி அம்மாள் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். “வேலை பிரமாதம். ஆனால் நாற்பது பெண்கள் வருவார்கள். ஒவ்வொருத்தி கையையும் பிடித்துச் சொல்லித்தர முடியுமா? வாயால் சொல்லத் தெரிய வேண்டும்” என்றார். பிறகு ஒரு சோதனை வைத்தார். பாத்திரம் துடைக்கும் சதுரத்துணி, அதற்கு ஒரு பாடம். குரோஷா தெரியாத மூன்று பெண்களுக்கு ஊசி பிடிப்பதையும் ஒரு கண்ணி போடுவதையும் மட்டும் காட்டலாம். மற்றதெல்லாம் எழுதிய பாடத்தைக் கேட்டே அவர்கள் பின்ன வேண்டும். மூன்று துணியும் ஒரே அளவாக வந்தால் வேலை அஜீசுக்கு.

வீட்டுக்கு வந்தவள் முகம் வாடியிருந்தது.

“பாத்திரம் தொடைக்கிற துணியாம் அக்கா. நம்ம வூட்ல எவ துணியில தொடைக்கிறா? சாம்பலும் தேங்கா நாரும் போதாதா?”

“கப்பல் சமையல்கட்டுக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கும் விற்பார்கள் போலிருக்கிறது. உனக்கென்ன, பின்னிக் காட்டேன்” என்றேன்.

“நான் பின்னக் கூடாதே! அதானே பேஜாரு. என் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது.” சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு அந்த வேலை வோணும் அக்கா. காசுக்கு இல்ல. ஒரு ஆளாவது என்னைப் பாத்து டீச்சர்னு கூப்பிடணும்.”

அவள் அப்படி வாய்விட்டு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது. நான் கான்வென்டில் எட்டாம் வகுப்பு. விடுவேனா? பென்சிலைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவள், “கொக்கிய உள்ள வுட்டு நூலை இழு” என்றால், நான், “ஊசியினை உட்செலுத்தி நூலினைப் பற்றி வெளிக்கொணர்க” என்று எழுதினேன். அவள், “திரும்புறப்போ ஒரு சங்கிலி போடு” என்றால், நான், “வரிசை முடிவுற்றதும் சங்கிலியொன்றினை மேலேற்றுக” என்று எழுதினேன். எழுதியதை நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். அந்தத் திமிரை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பரீட்சைக்கு மூன்று பேர் வேண்டுமே. பூத்தையல் போடுகிற நான் ஒருத்தி. காசிமேட்டில் மீன் விற்று, மிச்ச நேரத்தில் வலையின் கிழிசலைப் பின்னுகிற கன்னியம்மா ஒருத்தி. திருவொற்றியூர் தீப்பெட்டி ஆலைக்குப் போகிற, வீட்டில் கம்பளி ஸ்வெட்டர் போடுகிற ரோசி ஒருத்தி. மூவருமே கைவேலைக்காரிகள், மூவருக்குமே கைவேலையில் கர்வம் உண்டு.

மத்தியானம் குழாயடியில் உட்கார்ந்து பாடத்தைக் கணீரென்று படித்தேன். கன்னியம்மா கொஞ்ச நேரம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

“இன்னாக்கா இது, கோயில்ல படிக்கிற மந்திரமாட்டம் கீது? கையில ஊசிய வச்சிகினு இருக்கறதா, கும்புட்டுகினு இருக்கறதா?”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “புரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு எண்ணு. வரிசைக்கு இருபத்து நாலு கண்ணி” என்றேன்.

ஒரு வாரம் கழித்து மூன்று துணிகளையும் அஜீசு முன்னால் விரித்தோம். என்னுடையது மேலே போகப்போகக் குறுகி, சமோசாவாட்டம் இருந்தது. கன்னியம்மாவுடையது மேலே போகப்போக அகன்று, விசிறியாகிவிட்டது. ரோசியினுடையது மட்டும் அச்சடித்த சதுரம். அஜீசு அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். ரோசி பாவம், பொய் சொல்லத் தெரியாதவள்.

“மன்னிச்சிக்கோ அஜீசு. புரியல. நீ வீட்ல அதே துணியப் போடறப்போ ஜன்னல் வழியா உன் கையப் பாத்துப் போட்டேன்.”

அஜீசு துணியை அப்படியே கீழே போட்டாள். “அப்ப அது கணக்குல சேராது. மூணும் போச்சு. வெள்ளிக்கிழமை அந்தம்மா வந்துடுவாங்க. உங்கள நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும்!”

ரோசி அழத் தொடங்கினாள். நான் ரோசத்தில், “உனக்குச் சொல்லத் தெரியாததற்கு நாங்கள் என்ன செய்வோம்?” என்று கேட்டுவிட்டேன். பெரிய சண்டையாகியிருக்கும். கன்னியம்மாதான் குறுக்கே வந்தாள்.

“இரு பாயம்மா, கத்தாத. மொத வரிசைய நான் கரீக்டா தான் எண்ணினேன். இருபத்தி நாலு. அப்பால கீழ கீற ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு போட்டு, வரிசைக்கு ஒரு கொசுறு.”

“இன்னாது?”

“கொசுறு. இந்தக்கா, ஒண்ண மேல ஏத்துன்னு படிச்சாங்க. கூடக் குடுக்கச் சொல்றாங்கன்னு நெனச்சேன். நெத்திலி ஒரு கூறு குடுத்தா, கடைசியா நாலு அள்ளிப் போட மாட்டேனா? அதாட்டம் வரிசை முடிஞ்சா ஒரு கண்ணி கொசுறு போட்டேன்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வரிசைக்கு ஒரு கண்ணி கூடினால் துணி அகலாமல் என்ன செய்யும்? ஆனால் அஜீசு சிரிக்கவில்லை. கன்னியம்மாவையே உற்றுப் பார்த்தாள்.

“கொசுறு எண்ணுவியா நீ?”

“கொசுற எவளாவது எண்ணுவாளா? அது கணக்குல வராது.”

அஜீசு என் துணியைப் பிடுங்கி ஓரத்தை விரலால் நெருடினாள். “அக்கா, திரும்புறப்போ போடுற சங்கிலிய நீ எண்ணினியா?”

“எண்ணாமல்? அதுதான் ஒன்று. அதற்குப் பதில் வரிசைக்கு வரிசை கீழே ஒரு கண்ணியை விட்டுவிட்டேன். முதல் திருப்பத்தில் மொத்தம் இருபத்து நாலு சரியாகத்தான் இருந்தது.”

“அல்லாவே! அதான் வரிசைக்கு ஒண்ணு கொறஞ்சிகினே போயிருக்கு! அது கண்ணியே இல்ல அக்கா. மேல ஏறுறதுக்குச் சும்மா போடுறது. எங்கம்மா கைய எங்கைக்கு மேல வச்சே போட்டாங்க, அதுக்குப் பேர் சொன்னதே இல்ல.” அவள் கன்னியம்மாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிள்ளினாள். “நீ சொல்லிட்டடி! அதான் கொசுறு!”

“ஆனா கொசுறு கடைசில தானே குடுக்கறது?” என்றாள் கன்னியம்மா விடாமல்.

“இங்க மொதல்லியே குடுத்துடு, பேரம் பேசாத.”

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. என் அழகான தமிழைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாளில் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். திரும்பினால் முதலில் ஒரு கொசுறு. அது கணக்கில் வராது. அப்புறம் இருபத்து நாலு கண்ணி. துணியைக் கோணலாக மடித்தால் ஓரமும் ஓரமும் ஒட்ட வேண்டும், அதுவரைக்கும் இதேதான். மூவரும் பின்னியதைப் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கினோம். ரோசி இந்தத் தடவை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அந்த மூன்று நாளும் காம்பவுண்டில் ஒரே சிரிப்பு. குழம்பு இறக்கினால் கொசுறு, தண்ணீர் பிடித்தால் கொசுறு, எதற்கெடுத்தாலும் கொசுறு.

வெள்ளிக்கிழமை காரியதரிசி அம்மாள் மூன்று துணிகளையும் மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். நான்கு மூலையும் பொருந்தின. அவர் பாடத்தை எடுத்துப் படித்தார். நெற்றி சுருங்கியது.

“கொசுறு என்று போட்டிருக்கிறதே. கொச்சையாக இல்லை? கூடுதல் கண்ணி என்று மாற்றிவிடுவோம்.”

அஜீசு என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன்.

“வேண்டாங்கம்மா. கூடுதல்னு எழுதினா எல்லாரும் கூட்டிடுவாங்க. படிச்சவ நானே கூட்டித்தான் கெடுத்தேன். கொசுறுன்னா எங்க பக்கத்துல ஒருத்தியும் கூட்ட மாட்டா.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு, “எனக்கும் குரோஷா வராது. நானே போட்டுப் பார்க்கிறேன்” என்று ஊசியை எடுத்தார். ஊசி பிடிக்கவும் ஒரு கண்ணி போடவும் அஜீசு காட்டினாள். அதன்பின் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, வாயால் மட்டும் சொன்னாள். சங்கிலி கோணிக்கொண்டு வந்தது. கண்ணிகள் பெரிதும் சிறிதுமாக வந்தன. அந்த அம்மாளுக்கு வியர்த்துவிட்டது. எப்படியோ முதல் வரிசையை முடித்துத் துணியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஊசிமேல் வைத்த கண்ணை எடுக்காமலே கேட்டார்:

“இப்போது கொசுறுதானே, டீச்சர்?”

யாரைக் கூப்பிடுகிறார் என்று அஜீசு திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. திரும்பவும் இந்தப் பக்கம் பார்த்தபோது கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் பிசகவில்லை.

“ஆமாம்மா. ஒண்ணு போடுங்க. போட்டுட்டு எண்ணாதீங்க.”