இரண்டு விரலுக்கு விழுந்தவர்

நாடகக் கம்பெனியில் எல்லோரும் அவரைத் தொபுக்கடீர் என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே அவருக்கு வேலையே விழுவதுதான். ஆள் ஆறடி, கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஜுஜுட்சு என்ற தற்காப்புச் சண்டை புதிதாக வந்து, எங்கே பார்த்தாலும் அதே பேச்சாக இருந்த காலம் அது. ஒல்லிப் பெண் ஒருத்தி தடியனைத் தூக்கியடிக்கிற வேடிக்கைக்குக் கூட்டம் அலைமோதியது. தடியன் இவர். ஒல்லிப் பெண் இவருடைய மனைவியேதான்.

புத்தகம் பார்த்துச் சண்டை கற்றுக்கொண்ட குடும்பப் பெண்ணாக அவள் வருவாள். வீட்டுக்குள் திருடன் நுழைவான். அவள் பயத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு விரலை நீட்டுவாள். விரல் மேலே படாமலே அவர் பறந்துபோய்ச் சோபாவுக்குப் பின்னால் விழுவார். அந்த இடத்தில் மேடைப் பலகைக்கு அடியில் வெற்றிடம் விட்டிருந்ததால் சத்தம் கொட்டகையையே அதிர வைக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அவள் தலை குனிந்து வணங்கிக் கண்ணைத் திறக்க வேண்டும்.

வினையை இழுத்துவிட்டவர் அவர்தான். ஒத்திகையில் அவள் முகத்தில் வேகம் வரவில்லை என்று, நிஜமாகவே தள்ளுவதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். அவளும் நினைத்தாள். அவர் எம்பிக் குதிப்பதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. சத்தத்தை மட்டும் கேட்டுக் கேட்டு, தன் விரலில் என்னவோ இருக்கிறது என்று நம்பிவிட்டாள். அவரும் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி சந்தோஷமாக இருந்தால் யாருக்குக் கசக்கும்?

பிறகு, கொட்டகைக்குப் பின்னால் இருந்த சந்தில், டிக்கெட் கொடுக்கிற பெண்ணின் கழுத்தை எவனோ நெரித்தான். அவள் பிழைத்துக்கொண்டாள், குரல்தான் திரும்பவில்லை. வெள்ளைக் கையுறை போட்டவன் என்று சைகையில் காட்டினாள். மற்ற பெண்களெல்லாம் சுற்றிக்கொண்டு போக, அவர் மனைவி மட்டும் அதே சந்து வழியாகத் தனியாக வீட்டுக்குப் போய்வந்தாள். எனக்கென்ன பயம் என்றாள்.

மறுநாள் காலையில் சமையலறையில், தானே எம்பிக் குதித்துத்தான் விழுவதாக உண்மையைப் போட்டு உடைத்தார். அவள் கோபப்படவில்லை.

"அப்படின்னா விழாம நில்லுங்க, பார்ப்போம்."

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவள் கண்ணை மூடி ஈர விரல்களை நீட்டினாள். அடுத்த நொடி அவர் பாத்திரங்களோடு பாத்திரமாகக் கிடந்தார். பழக்க தோஷம் என்று எழுந்து, இம்முறை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுபடியும் விழுந்தார். பொய் சொல்லவும் சாமர்த்தியம் வேண்டும் என்று அவள் சிரிக்க, அவரும் கூடச் சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுபோனது. அவருடைய குதிப்பு அவருக்குத் தெரியாதா? இரண்டாம் தடவை அவர் குதிக்கவே இல்லை.

அன்றிலிருந்து அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனார். மழை விட்ட ஒரு சாயங்காலம், சந்தின் நடுவில் ஒரு வாசலிலிருந்து அவன் வெளியே வந்தான். இருட்டிக்கொண்டு வந்த அந்த நேரத்தில் கையுறைகள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. அவர் கத்துவதற்குள் அவள் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். தான் இப்போது விழுந்தால் அவள் கதை முடிந்தது என்று, பக்கத்து ஜன்னலின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

விரல்கள் எழுந்தன. யாரோ வெடுக்கென்று பிடுங்கியதுபோல் கம்பி கையைவிட்டுப் போனது. அவர் பறந்துபோய்ச் சேற்றில் தொபுக்கடீரென்று விழுந்தார். சத்தம் கேட்டதும் அவள் புன்னகையோடு தலை குனிந்து வணங்கினாள். குனிந்த கழுத்தை நோக்கி ஒரு கையுறை நீண்டது. பாதி வழியில் அது நின்றது. எவரும் தொடாமலே தூக்கி எறியப்பட்ட அந்தப் பெரிய உடம்பை அவன் பார்த்தான். பின்னோக்கி அடி வைத்து நகர்ந்து, பிறகு ஓடினான்.

அவள் கண்ணைத் திறந்தபோது எதிரே யாரும் இல்லை. திரும்பினாள்.

"ஏங்க, நீங்க எதுக்கு விழுந்தீங்க?"

வழுக்கிவிட்டது என்றார், உள்ளங்கையில் தோல் உரிந்திருந்ததை மறைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை. அவளிடம் உண்மை எது என்று பேசவும் அவருக்கு வழியில்லை, உண்மை எது என்று அவருக்கே தெரியவில்லை.

சில வருடங்கள் கழித்துக் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். கடைசி இரண்டு நாளும் கண்ணைத் திறக்கவே இல்லை. அவர் கம்பெனியை விட்டுவிட்டு மாடியறை ஒன்றில் தனியாக இருந்தார். நாடகம் தொடங்குகிற நேரத்துக்குச் சில சாயங்காலங்களில் அங்கிருந்து பெரிய சத்தம் கேட்கும். இந்த வயதில் இப்படி விழலாமா, எதையாவது பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று கீழ்வீட்டுக்காரி ஒருநாள் மேலே வந்து கடிந்துகொண்டாள். அவர் தரையில் உட்கார்ந்து முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பிடிச்சுக்கலாம்மா. ஆனா சத்தம் கேட்டாத்தான் அவ கண்ணைத் திறப்பா."