ஒரு கணக்குக்கு ஒரே வீடு

இந்த ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. நெதர்லாந்தின் தெற்கே ஹெல்மொண்ட் என்கிற சிறிய நகரத்தில் குடியிருக்கிறோம். சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பும்போது தெரு நெடுக, விளக்கெரியும் கூடங்கள் திறந்து கிடக்கும். ஒரு வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த வீட்டில் ஒருவர் சோபாவில் கால் நீட்டித் தூங்குவார். அதற்கடுத்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வந்த புதிதில் எனக்குக் கூச்சமாகிவிடும், தரையைப் பார்த்தபடியே நடப்பேன். திறந்து வைப்பது இங்கே தப்பில்லை, எட்டிப் பார்ப்பதுதான் தப்பு என்பது போகப் போகத்தான் புரிந்தது. பக்கத்து வீட்டு மரியானிடம் ஒரு தடவை, உங்களுக்கெல்லாம் வெட்கமாக இருக்காதா என்று என் அரைகுறை டச்சில் கேட்டுவிட்டேன். ஜன்னல் அழுக்காக இருப்பதைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் காலையில் ஏணி வைத்து ஏறி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போடியில் எங்கள் வீட்டில் எல்லாமே திரைக்குப் பின்னால்தான். அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம், அவருக்கு ஏலக்காய் வியாபாரம். வாசல் நடைக்கும் கூடத்துக்கும் நடுவே பச்சையில் வெள்ளைப் பூப்போட்ட திரை ஒன்று தொங்கும். மலையிலிருந்து காய் கொண்டுவருகிறவர்கள், ஏலத்துக்கு வந்தவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம். அம்மாவும் நானும் இந்தப் பக்கம். திரையின் இடுக்கு வழியாக அத்தாவின் கையை மட்டும் பார்ப்பேன். மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி காயை அள்ளி, ஈரம் தொட்ட உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார். கையில் பச்சை ஒட்டினால் சாயக்காய். சாயம் போட்டுக் கொண்டுவந்தவரை அதற்குப் பிறகு எங்கள் படியேற விடமாட்டார். வேறு எதற்காகவும் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

அந்தக் கூடத்தில்தான் எங்கள் வீடியோ கேம் இருந்தது. மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அத்தா, டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். கூடவே மஞ்சள் கேஸட். அதன் மேல் ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் என்று எழுதியிருந்தது. போட்டுப் பார்த்தால் ஏழெட்டு விளையாட்டுகள்தான் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்தன. அண்ணன் சாதிக் அழுதேவிட்டான். "மூட்டைக்கு மேல நல்ல காயும் உள்ள சருகுமா வச்சுக் கட்டிட்டான்டா பய" என்று அத்தா சிரித்தார். ஆனால் அதற்கு அடிமையானது அவர்தான். மேலிருந்து விழுகிற கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்குகிற விளையாட்டு ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்காருவார். லாரியில் மூட்டை அடுக்குகிற ஆளுக்கு இது என்ன பெரிய சோலி என்பார். ஒயர் எட்டவில்லை என்று ஆளைக் கூப்பிட்டு, மர அலமாரிக்குப் பின்னால் கணுக்கால் உயரத்தில் புதிதாக ஒரு ப்ளக் பாயிண்ட் வைத்தார். பார்க்காமலே கை விட்டு மாட்டக்கூடியவள் நான் ஒருத்திதான்.

கிரிங்லோப் என்று இங்கே பழைய சாமான் கடைகள் உண்டு. போன குளிர்காலத்தில் அப்படியொரு கடையில் அந்தக் காலத்து வீடியோ கேம் கைப்பிடி ஒன்றைப் பார்த்தேன். எடுத்துப் பிடித்தவுடன் கட்டைவிரல் தானாக இடம் தேடிப் போனது. அத்தாவுக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் முடிந்திருந்தது. கடைக்கும் போக முடியாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்று அம்மா சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் ரஃபீக்கிடம் சொன்னேன். அவர் கம்பத்துக்காரர், இந்த மாதிரி பெட்டிகளில் கெட்டிக்காரர். பழைய விளையாட்டுகளும் ஆடலாம், இன்டர்நெட்டில் படமும் சீரியலும் பார்க்கலாம் என்கிற மாதிரி ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து அதைத் தயார் செய்தோம். கட்டை விளையாட்டை முதல் பக்கத்தில் வைத்தோம். படம் பார்க்கிற ஆப்பில் என் கணக்கையே போட்டுக்கொடுத்தோம், அம்மாவுக்குத் தனியாகக் காசு கட்டுகிற தொல்லை வேண்டாமே என்று. ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் தாள் ஒட்டி, இது டிவிக்கு, இது கரண்டுக்கு என்று தமிழில் எழுதினேன். இத்தனை வருஷத்தில் ஊருக்கு எத்தனையோ அனுப்பியிருக்கிறேன். இவ்வளவு ஆசையாக எதையும் அனுப்பியதில்லை.

ரஃபீக்கின் நண்பர் ஒருவர் ஊருக்குப் போனார், அவரிடம் கொடுத்துவிட்டோம். போடிக்கே கொண்டுபோய்த் தருகிறேன் என்றார் அந்த மனிதர். சாதிக் அண்ணன் கேட்கவில்லை. "அவரு எதுக்கு அம்புட்டுத் தூரம் அலையணும். மதுரை ஏர்போர்ட்டுக்கு நானே வந்து வாங்கிக்கிறேன்" என்றான். என்ன பொறுப்பான அண்ணன் என்று எனக்குப் பெருமை வேறு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அத்தாவையும் அம்மாவையும் உட்காரவைத்து மாட்டச் சொல்லிக்கொடுத்தேன். அண்ணன் ஜீப்பு எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தான். எப்போதும்போல அதே மூலை. பின்னால் பச்சைத் திரை, அதன் பக்கத்தில் நின்றுபோன கடிகாரம், பீங்கான் கோப்பைகள் அடுக்கிய ஷோகேஸின் ஓரம். அம்மா ஸ்வெட்டர் போட்டிருந்தார். சில மாதமாகவே அப்படித்தான், கேட்டால் சளி என்பார்.

டிவிக்குப் போகிற ஒயரை அத்தா சரியாக மாட்டிவிட்டார்.

"இப்ப கரண்டு ஒயர எடுங்கத்தா. அலமாரிக்குப் பின்னால கீழ பாயிண்டு இருக்குல்ல, அதுல சொருகுங்க."

"எந்த அலமாரி?" என்றார்.

"நம்ம அலமாரிதான். நீங்க வச்ச பாயிண்டுத்தா. கணுக்கால் உசரத்துல."

"அது இங்க எங்கம்மா இருக்கு. இங்க டிவிக்கு இருக்கதே ஒத்தப் பாயிண்டு, இன்னொண்ணு அடுப்பங்கரைல."

அம்மாவின் கை குறுக்கே வந்து போன் கேமராவை மறைத்தது. "அத்தாவுக்கு இப்ப மறதி ஜாஸ்தியாயிருச்சு பானு. நீ வையி, அண்ணன் வந்ததும் மாட்டச் சொல்றேன்."

அம்மா அப்படிச் சொன்னதைத்தான் அத்தாவால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். "மறதி எனக்கில்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அம்மா கையை விலக்கிப் போனை எடுத்தார். "பாரு தாயி" என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். பச்சைத் திரையை ஒதுக்கினார். அதற்குப் பின்னால் நடை இல்லை, வாசல் இல்லை, சுண்ணாம்பு பெயர்ந்த சுவர்தான் இருந்தது. சுவரில் இரண்டு ஆணி அடித்துத் திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே தகரக் கூரை. ஜன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே ஏலச்செடிகள். போடிமெட்டு தாண்டி, கேரள மலையில் பூப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடு அது. அண்ணன் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு மழைக்கும் அழுகல் விழுந்து செடி போய்விட்டது. போடி வீட்டை விற்றுவிட்டார்கள். இப்போது அண்ணன் அந்த எஸ்டேட்டில் சூப்பர்வைசர்.

எப்போது விற்றீர்கள் என்று கேட்டேன். "போன நோம்புப் பெருநாளுக்கு முன்னாடியே" என்றார் அத்தா. பெருநாள் அன்று நான் பேசியது ஞாபகம் வந்தது. பின்பக்க எலுமிச்சை காய்த்திருக்கிறதா என்று கேட்டிருந்தேன். கொத்துக் கொத்தாக் காய்ச்சுக் கிடக்கு, ஊறுகாய் போட்டுட்டேன் என்று அம்மா சொல்லியிருந்தார். யாருடைய மரமோ ஆகிவிட்ட மரத்தில் எனக்காக ஊறுகாய் போட்டிருக்கிறார்.

"நீ தன்னந்தனியா அங்க உக்காந்து அழுவேன்னுதான் சொல்லல" என்றார் அம்மா. "மாப்பிள்ளைட்ட மட்டும் சொன்னோம்."

மாப்பிள்ளை சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கத்தியின் சத்தம் நின்றது. ஆனால் அவர் திரும்பவில்லை. "சொல்லக் கூடாதுன்னு உங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க" என்றார். ஒயருக்கெல்லாம் நான் தாள் ஒட்டிக்கொண்டிருந்தபோது, இது மாட்டப் போவது எந்தச் சுவரில் என்று தெரிந்தே எனக்குக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்த மனிதர். அன்றைக்கு எனக்கு அம்மா மேல் வந்த கோபத்தைவிட அவர் மேல் வந்ததுதான் அதிகம்.

மறுநாள் குப்பைத்தொட்டியை வெளியே இழுத்து வைக்கும்போது மரியான் என் கண்ணைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். எனக்கு டச்சில் அழுகைக்கான வார்த்தைகள் அதிகம் தெரியாது. தெருவில் விற்றுப்போன வீடுகளின் ஜன்னலில் 'வெர்கோஹ்ட்' என்று பலகை மாட்டியிருப்பார்கள், அந்த வார்த்தைதான் வாயில் வந்தது. எங்கள் வீடு, இந்தியாவில், வெர்கோஹ்ட் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஹெஃபெலிசிடேர்ட்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கி, கன்னத்தில் மாற்றி மாற்றி மூன்று முத்தம் கொடுத்தாள். வாழ்த்துகள் என்று அர்த்தம். இங்கே வீடு விற்றுப்போவது நல்ல செய்தி. அவளைத் திருத்தத் தெம்பில்லாமல் நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

சாதிக் அண்ணன் போன் செய்தபோது நன்றாகத் திட்டிவிட்டேன். சாயக்காய் கொண்டுவந்தவரைப் படியேற விடாத மனிதரை, ஒரு மூலைக்குச் சாயம் பூசி அதன் முன்னால் உட்காரவைத்திருக்கிறாயே என்றேன். 

"உன்னையக் கேட்டிருந்தா விக்க வேணாம்பே. அப்ப நான் என்ன செய்ய?"

"வேணாம்னு சொல்லிருக்க மாட்டேன். கடைசியா ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயிருப்பேன்."

"உனக்கு அது ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வர்ற வீடு பானு. நாங்க தெனமும் கெடந்த வீடு. நாங்களே அழுகாம காலி பண்ணிட்டு வந்தோம்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தில் என்னை விருந்தாளி ஆக்கிவிட்டான். எங்கள் பக்கம் விருந்தாளியிடம்தான் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள். வீட்டு ஆளாக இருந்தால் சட்டி காலி என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். வீடு போனது எனக்கு ஆறிவிடும். நான் அந்த வீட்டு ஆள்தானா என்கிற கேள்விக்கு எல்லாரும் கூடி, எனக்குத் தெரியாமல், இல்லை என்று பதில் எழுதிவிட்டார்களே, அது ஆறவில்லை. புலம்பெயர்ந்து வாழ்கிற உங்களில் பலருக்கும் ஊரில் இப்படி ஒரு மூலை சோடித்து வைக்கப்பட்டிருக்கலாம். அடுத்த முறை பேசும்போது போனைக் கொஞ்சம் திருப்பச் சொல்லிப் பாருங்கள்.

பெட்டியை அண்ணன் அடுப்பங்கரையிலிருந்து நீள ஒயர் இழுத்து மாட்டிவிட்டான். அத்தா கட்டை அடுக்குகிறார், அம்மா சீரியல் பார்க்கிறார் என்று ரஃபீக் எனக்குக் கேட்கும்படியாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். நான் யாரோடும் பேசவில்லை. பெட்டி ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் அத்தாவே கூப்பிட்டார்.

"ஏந்தாயி, கட்டை வெளையாட்டு வருது. படந்தான் வர மாட்டேங்குது. என்னமோ எழுதியிருக்கு. இந்த டிவி உங்க வீட்டைச் சேர்ந்தது இல்லைன்னு அண்ணன் வாசிச்சான்."

விசாரித்ததில் விஷயம் இதுதான். படம் காட்டுகிற கம்பெனி ஒரு கணக்குக்கு ஒரே வீட்டைத்தான் ஒத்துக்கொள்ளுமாம். வேறு வேறு வீட்டில் இருப்பவர்கள் ஒரே குடும்பமாக இருக்க முடியாது என்று யாரோ ஓர் ஆபீசில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். லயத்து டிவியில் படம் வரவேண்டுமானால், கணக்குக்குச் சொந்தக்காரியான நான் அதைத்தான் என் வீடு என்று மாற்ற வேண்டும். போனில் கேள்வி வந்து நின்றது. இதை உங்கள் வீடாக வைத்துக்கொள்ளலாமா?

"அப்ப நம்ம டிவி?" என்றார் ரஃபீக். வேறொரு கணக்கு எடுத்துக் கொடுத்தால் போச்சு என்றும் சொன்னார். அவர் சொன்னதுதான் புத்திசாலித்தனம். நான் மன்னித்துவிட்டேன் என்றும் யாரும் நினைக்க வேண்டாம், அம்மாவிடம் இன்றுவரை சரியாகப் பேசவில்லை. ஆனால் அந்த வீட்டைப் பற்றி என்னைக் கேட்டு நடக்கிற முதல் காரியம் இது. நான் ஒரு ராத்திரிகூடத் தங்காத, தகரம் போட்ட அந்த வீட்டைத்தான் என் வீடு என்று அழுத்தினேன். மலையில் படம் ஓடத் தொடங்கிவிட்டது, வந்துருச்சு தாயி என்றார் அத்தா.

இப்போது இங்கே, மாதாமாதம் நாங்கள் வாடகை கட்டுகிற வீட்டில், எங்கள் சோபாவில் உட்கார்ந்து டிவியைப் போட்டால் படத்துக்கு முன்னால் ஒரு கட்டம் வருகிறது. இது உங்கள் வீடு இல்லை, பயணத்தில் இருக்கிறீர்களா என்று கேட்கிறது. ரஃபீக் ரிமோட்டை என் பக்கம் நகர்த்திவிடுகிறார். ஆமாம், பயணத்தில் இருக்கிறேன் என்று அழுத்திவிட்டு நான் படம் பார்க்கிறேன்.