இந்தக் கம்பெனி நிலைக்குமாம்மா?

கார் விற்கும் வேலையில் காரைப் பற்றிக் கேட்பவர்கள் கொஞ்சம். கம்பெனியின் ஆயுசைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். புடவைக் கடையோ, செல்போன் கடையோ, வாடிக்கையாளர் முன்னால் நின்று கால் கடுத்த யாருக்கும் என் பாடு புரியும்.

விருத்தாசலத்தில் கடலூர் ரோட்டில் இருக்கும் ஒரு சின்ன ஷோரூமில் ஆறு வருஷமாக விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு கார் நிறுத்தலாம், மூன்றாவதை வாசலில்தான் விட வேண்டும். நாங்கள் விற்பது இங்கிலாந்தில் பிறந்த ஒரு கம்பெனியின் கார். சைக்கிள் பழுது பார்த்த கொட்டகையில் தொடங்கி, பந்தயங்களில் ஜெயித்து, பிறகு நொடித்து, நாலு கை மாறி, இப்போது வேறு தேசத்து முதலாளியிடம் இருக்கிறது. சென்னையில் நடந்த பயிற்சியில் இந்த வரலாற்றை மனப்பாடமாகச் சொல்லச் சொன்னார்கள். தடுமாறாமல் சொன்னது நான் ஒருத்திதான். அந்தப் பெருமையோடுதான் ஊருக்கு பஸ் ஏறினேன். எதிரில் நிற்பவர்கள் திருப்பிக் கேள்வி கேட்பார்கள் என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

எந்த ஊரு கம்பெனி?

பெண்ணாடத்திலிருந்து ஒரு கரும்பு விவசாயி மனைவியோடு வந்தார். நான் வழக்கம்போல இங்கிலாந்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "மொதலாளி இங்கிலீஷ்காரனா?" இல்லை என்றேன். "வண்டி அங்க செய்யறாங்களா?" இல்லைங்க, வடக்கே நம்ம நாட்டிலேயே செய்கிறார்கள் என்றேன். "சாமானெல்லாம்?" நாலைந்து நாட்டிலிருந்து வருகிறது என்றேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "அப்ப இங்கிலீஷ்காரனோடது இதுல என்னதான் இருக்குது? பேரு மட்டுந்தானா?"

அதுவரை முன்சீட்டின் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பினார். "நான் மட்டும் என்னவாம்? பொறந்தது ஒரு வூடு, வாழ வந்தது ஒரு வூடு. இது எங்க போயும் பேர மாத்திக்கல பாருங்க, அதுக்கே இத வாங்கலாம்."

பிளக்கைத் தட்டிப் பார்த்தவர்

தொழிற்பேட்டையில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் யூனிட் வைத்திருப்பவர் நடராஜன். சட்டைக் கையில் வெள்ளைத் தூசியோடுதான் வந்தார். சீட்டு, டிக்கி, தொடுதிரை எதையும் அவர் பார்க்கவில்லை. "இன்ஜின்ல போடற ஸ்பார்க் பிளக்கு ஒண்ணு காட்டுங்க" என்றார். எங்கள் மெக்கானிக் பழனி, சர்வீஸுக்கு வந்த வண்டியில் கழற்றிப் போட்ட பழைய பிளக் ஒன்றைக் கொண்டுவந்தார். நடராஜன் அதைத் துடைத்து, வெள்ளையாக இருந்த பகுதியை நகத்தால் தட்டி, காதருகே வைத்துக்கொண்டார். "நல்லா வெந்திருக்குது" என்றார், பக்கத்து வீட்டு இட்லியைப் பாராட்டுவதுபோல. "இது அலுமினாப் பொடியில சுட்டது. நாங்க போடறது களிமண்ணு. ஆனா சூளை சூளைதான். எங்க வேலை இல்லாம உங்க இங்கிலீஷ் வண்டி தும்மக்கூட தும்மாது."

பீங்கானுக்குப் பேர்போன இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, நான் விற்கிற காருக்குள் பீங்கான் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். பழனிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "அண்ணே, அடுத்து எல்லாமே கரண்டு காருதான். அதுல இந்த பிளக்கே கெடையாது. அப்ப என்ன செய்வீங்க?" என்று சீண்டினார். நடராஜன் பிளக்கைத் திருப்பிக் கொடுத்தார். "கரண்டு இருந்தா ஃபியூஸு இருக்கும், ஃபியூஸு இருந்தா பீங்கான் இருக்கும். உங்க கம்பெனி இருக்குமான்னு எனக்குத் தெரியாது தம்பி, நாங்க இருப்போம்."

பின்சீட்டு

ரஹீம் பாய் வளைகுடாவில் ஒரு பெரிய முதலாளிக்கு டிரைவராக இருந்து திரும்பியவர். அங்கே அவர் ஓட்டியது எங்கள் கம்பெனியின் பழைய மாடல். நான் வரலாற்றைத் தொடங்கியதும் மீதியை அவர் முடித்தார். எந்த மாடலில் கதவு சாத்தினால் எப்படிச் சத்தம் கேட்கும் என்பது வரை சொன்னார். நான் படித்துத் தெரிந்துகொண்ட கம்பெனியோடு அவர் வாழ்ந்திருக்கிறார்.

மணிமுத்தாற்றுப் பாலம் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று சாவியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டார். "ஏன் பாய், நீங்க ஓட்டலையா?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்து, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "இருபது வருஷம் ஓட்டிட்டேம்மா, பின்னாடி உக்காந்தா எப்படி இருக்கும்னு தெரியல. நீ ஓட்டு."

டெலிவரி அன்று வந்த செய்தி

அன்றைக்குத் திட்டக்குடியிலிருந்து தமிழரசி டீச்சர் தன் முதல் காரை எடுக்க வருவதாக இருந்தது. மாவிலைத் தோரணம் கட்டி, மாலை போட்டு, காரை வாசலில் நிறுத்தியிருந்தோம். காலையிலேயே எல்லார் போனிலும் அந்தச் செய்தி வந்துவிட்டது. இங்கிலாந்தில் மிச்சமிருந்த பழைய தொழிற்சாலையை மூடுகிறார்கள், கம்பெனியை மறுபடி யாருக்கோ விற்கப் பேச்சு நடக்கிறது. மேனேஜர் சேகர் சார் எங்களைக் கூப்பிட்டு, "கேட்டா மட்டும் பேசுங்க. கேக்கலன்னா வாயத் திறக்காதீங்க" என்றார்.

டீச்சர் வந்தார். கேட்கவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். ஆறு வருஷமாகத் தலை நிமிர்ந்து சொன்ன வரலாறு, அதன் கடைசிப் பக்கத்தை மட்டும் எப்படி மறைப்பது? "டீச்சர், ஒரு நிமிஷம்" என்று போனை அவர் முன்னால் வைத்தேன். படித்தார். "சர்வீஸு இருக்குமா?" என்றார். இப்போதைக்கு இங்கே ஆளும் இருக்கிறது, சாமானும் இருக்கிறது; அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, வேண்டாமென்றால் இப்போதே ரத்து செய்துவிடலாம் என்றேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சேகர் சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் வெளியே போய் மகனுக்கு போன் செய்தார். வேண்டாம் என்று மகன் ஸ்பீக்கரில் சொல்வது உள்ளே இருந்த எனக்கே கேட்டது. அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றினார், முன்னால் இருந்த கம்பெனிச் சின்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், உள்ளே வந்து உட்கார்ந்தார். "எங்க பள்ளிக்கூடத்தையே அடுத்த வருஷம் பக்கத்து ஸ்கூலோட சேக்கப் போறதா பேச்சு. அதுக்காவ நான் இன்னைக்குப் பாடம் நடத்தாம இருக்கேனா? சாவியக் குடும்மா."

மேனேஜரின் கட்டளை

சேகர் சார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் நல்லூரிலிருந்து இரண்டு குடும்பம் வந்தது. "உண்மையச் சொல்ற பொண்ணு யாரு? டீச்சரம்மா அனுப்புனாங்க" என்று வாசலிலேயே விசாரித்தார்கள். சேகர் சார் அவர்களை உட்கார வைத்து, டீ சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்தார். சட்டைப் பையைத் தடவினார், கூரையைப் பார்த்தார். "இனிமே கம்பெனியப் பத்தி யாரு கேட்டாலும் நீயே பேசும்மா. நான் பேசுனா வண்டி நல்லா இல்லியோன்னு சந்தேகப்படறாங்க."

எங்கள் கம்பெனி நிலைக்குமா என்று கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் எங்களிடம் வாங்கிய காரிலேயே வந்து இறங்குவதால், எதற்கும் இருக்கட்டும் என்று வாசலில் இன்னும் இரண்டு வண்டி நிறுத்த இடம் போட்டிருக்கிறோம்.