சந்தியில் வைத்த படையல்

அந்தப் பேராசிரியரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. ஆடி மாதம் பிறந்தால் வெளிநாட்டிலிருந்து தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் வந்துவிடுவார். உணவையும் சமகாலக் கலையையும் சேர்த்துப் படிக்கிற வகுப்பு. காலையில் மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் ஏலம் பார்ப்போம். மத்தியானம் நல்லூரில் வாடகைக்கு எடுத்த வீட்டில் சமையலும் சிற்பவேலையும். அவரோடு சேர்ந்து படிப்பித்தவள் நான்.

முதல் வருடம் என் படைப்பு ஒன்றை வகுப்பில் காட்டினேன். ஒருவர் இறந்த எட்டாம் நாள், அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைப்போம். அதில் ஒரு பங்கைச் சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். எட்டு என்று சொல்வோம். அப்பாவின் எட்டுப் படையலைத்தான் களிமண்ணில் செய்திருந்தேன். பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியற் பிட்டு, சுறாமீனை உதிர்த்து வறுத்த வறை, முருங்கைக்காய்க் குழம்பு, இலையின் ஓரத்தில் அவருடைய சுருட்டு. செத்தவீட்டில் வராத அழுகை அதைச் செய்து முடித்த அன்றுதான் வந்தது. பேராசிரியர் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

அடுத்த வருடம் வந்த மாணவி ஒருத்தி கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். "எங்கள் பேராசிரியரின் கண்காட்சியைப் பார்த்தீர்களா?" அவருடைய நகரத்துக் கலைக்கூடம். அதே இலை, அதே வறை, அதே சுருட்டு. கீழே அவர் பெயர். தலைப்பு, 'யாழ்ப்பாணத்து வரவேற்பு விருந்து'. என் அப்பாவின் சாவை மனிதர் விருந்தாக்கி விட்டார்!

கத்தியிருக்கலாம். கத்தினால் நான்தான் பொறாமை பிடித்தவள் ஆகியிருப்பேன். வழியை அவரே காட்டித் தந்தார். வகுப்பின் கடைசி நாள், அந்தப் படைப்பை உண்மையான சாப்பாடாகச் செய்து ஊர்ப் பெரியவர்களுக்குக் கொடுக்கப் போகிறாராம். எல்லோரும் சுற்றியிருந்து ஒரே இலையில் கைவைக்க வேண்டுமாம். ஆட்களை நான் அழைக்க வேண்டுமாம். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை என்று சிரித்தேன். மானிப்பாயிலிருந்து அப்பாவின் சொந்தங்களை ஒருவர் விடாமல் அழைத்தேன்.

பின்னேரம் எல்லோரும் வந்தார்கள். இலையைச் சுற்றி விரித்திருந்த பாயில் யாரும் உட்காரவில்லை. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, சுருட்டைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளை, உது அண்ணையின்ரை எட்டுப் படையல் எல்லோ?"

"ஓம் சித்தப்பா. அப்பாவின்ரைதான்."

"அப்ப ஏன் உதை இஞ்சை வைச்சிருக்கிறியள்? வா, சந்திக்குக் கொண்டு போவம்."

இலையோடு தூக்கிச் சுளகில் வைத்தார். பேராசிரியர் பதறிக்கொண்டு, என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டார். மாணவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"இது செத்தவருக்குப் படைக்கிற சாப்பாடு. செத்தவர் என் அப்பா. இதை முதலில் களிமண்ணில் செய்தவள் நான். போன வருடம் இதே வீட்டில்தான் உங்களுக்குக் காட்டினேன்."

கைத்தொலைபேசி காட்டிய மாணவி பேராசிரியரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சந்தியில் படையலை இறக்கி வைத்தோம். பேராசிரியரும் கமராவோடு பின்னால் ஓடி வந்திருந்தார். சித்தப்பாவும் மற்றவர்களும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு நாய் சுருட்டை மோந்துவிட்டு வறையில் வாய் வைத்தது. பக்கத்தில் பேராசிரியர் நின்றார். ஆசை தீரப் பார்த்தேன். திரும்பிப் பார்த்ததற்கு அப்பா கோபித்திருக்க மாட்டார்.