பதினேழாம் பிரதி

அவரை எல்லோரும் 'பிரேக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். டிரைவிங் ஸ்கூலில் பத்தொன்பது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் என்றால் இவர் காலடியில் இன்னொன்று. அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. சோபாவில் இருக்கும்போது மனைவி குரலை உயர்த்தினால் போதும், வலது கால் தானாகத் தரையை அழுத்தும். "நான் என்ன லாரியா?" என்பாள் அவள்.

இப்பேர்ப்பட்டவர் நாற்பத்தைந்து வயதில் ஒரு நாவல் எழுதினார். எழுதுவது யாருக்கும் வரக்கூடிய கோளாறுதான், அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சொந்தச் செலவில் ஐந்நூறு பிரதி அச்சடித்து வீட்டில் கொண்டுவந்து இறக்கினார் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது வினை. கட்டிலுக்கு அடியில் புத்தகம், அலமாரிக்கு மேல் புத்தகம், வண்டியின் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் புத்தகம்.

விற்க என்னென்னவோ செய்து பார்த்தார். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கத்தோடு அட்டைப் படத்தைப் போட்டார். ஒரே வாரத்தில் ஒன்பது பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். மனைவியின் அண்ணன், "படிச்சுட்டேன் மாப்பிள்ளை, பிரமாதம்!" என்று போனில் உருகினார். நேரில் போய்ப் பார்த்தால் அவர் வீட்டு டிவிக்கு மேல் அந்தப் பிரதி பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் முழிக்கிற மாணவர்களிடம்கூட இரண்டாம் அத்தியாயத்தைச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் சுவரில் இடித்ததுதான் மிச்சம்.

வெளியே பார்க்கிறவர்களுக்கு இது ஒரு புத்தகப் பைத்தியத்தின் கூத்து. உள்ளே விஷயம் வேறு. அவருக்கு ஐந்நூறு வாசகர்கள் வேண்டாம். ஒரே ஒருத்தி படிக்க வேண்டும். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாததால் ஊரெல்லாம் படிக்க வேண்டியிருந்தது.

அந்த ஒருத்தி அவருடைய அக்கா. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால், அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு காலையில் வீட்டை விட்டுப் போனவள். அதற்கு முந்தைய நாள் அவளுக்கு வெளியூர் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்து ஒரு கடிதம் வந்திருந்தது. வீட்டுக்குத் தெரியாமல் எழுதிப்போட்டு வாங்கிய இடம். அந்தக் கடிதம் அப்பா கைக்குப் போயிற்று. அப்பா அதை நாலாகக் கிழித்தார், அவளையும் அடித்தார். மறுநாள் விடிந்தபோது அவள் இல்லை. அப்பா தேடவில்லை, தேடவும் விடவில்லை. அம்மா வாசலைப் பார்த்தபடியே பதினோரு வருடம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அப்புறம் அப்பாவும் போனார்.

நாவல் இதுதான். கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தது பக்கத்து வீட்டு அத்தை என்று அறுபத்தொன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தார். உண்மையில் கொடுத்தது இவர்தான். அக்கா போய்விடக் கூடாதே, அப்பா பார்த்தால் நிறுத்திவிடுவாரே என்று அரிசி டப்பாவுக்குள் அவள் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினார். பத்து வயதுக்கு அதற்கு மேல் என்ன யோசிக்கத் தெரியும்? ஆனாலும் கட்டிய மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை. எழுதும்போது அந்த வரிக்கு வந்ததும் கை நின்றது. பக்கத்து வீட்டு அத்தை செத்து இருபது வருடம் ஆகிறது, கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று அவள் தலையில் கட்டிவிட்டார்.

முடிவிலும் ஒரு பொய் உண்டு. அது பக்க வடிவமைப்பு செய்த அம்மாவின் யோசனை. அச்சகத்துக்கு எதிரே ஒற்றை அறையில் இரண்டு கம்ப்யூட்டர்களோடு உட்கார்ந்திருப்பவர். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களின் கண்ணீரையெல்லாம் பார்த்துப் பழகியவர்.

"என்ன சார் இது, அக்கா போனாங்க, எல்லாரும் காத்திருந்தாங்க, முற்றும்னு போட்டிருக்கீங்க. பஸ்ஸே வராத பஸ் ஸ்டாப் மாதிரி நிக்குது."

"நிஜமா அப்படித்தாங்க."

"நிஜம் எங்க சார் விலை போகும்? கடைசில ஒரு சாவு வைங்க. அழுதாதான் நாலு பேர்கிட்ட சொல்வாங்க. அட்டையில 'உண்மைக் கதை'ன்னு பெருசா போட்டுக்கலாம்."

ஒரு மத்தியானம், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, வண்டிக்குள் உட்கார்ந்தே அக்காவைக் கொன்றார். மழையில் நெடுஞ்சாலையைக் கடக்கிறாள், லாரி வருகிறது, நிறுத்த முடியவில்லை. மூன்று பக்கம். எழுதி முடித்து ஸ்டீயரிங்கில் தலைவைத்து அழுதார். அழுதபின் நன்றாக வந்திருக்கிறது என்றும் தோன்றியது. எழுதுகிறவர்களின் புத்தியே இதுதான்.

புத்தகம் விற்காமல் முடங்கிக் கிடந்தபோது அவருக்கே ஒரு வழி தோன்றியது. முப்பது பிரதிகளை எடுத்து ஒன்று, இரண்டு என்று எண் போட்டார். உள் அட்டையில் இப்படி ஒட்டினார்: 'இது விற்பனைக்கு அல்ல. படித்துவிட்டு அடுத்தவர் கண்ணில் படும்படி எங்காவது வையுங்கள். எங்கே வைத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள்.' பின்னட்டையில் அவர் படம், வேலை செய்யும் பள்ளி, போன் நம்பர் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. பல் டாக்டரின் காத்திருப்பு அறை, சலூன், ரயில் நிலைய பெஞ்ச், தையல் கடை என்று ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை மறந்துவிட்டு வருகிறவர் மாதிரி வைத்துவிட்டு வந்தார். இரண்டு இடத்தில், "சார், புக்கை விட்டுட்டீங்க!" என்று ஓடிவந்து திருப்பிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த எட்டு மாதம் அவருக்குப் பேய் பிடித்த மாதிரிதான். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க எந்தப் பெண்ணைக் கண்டாலும் முகத்தை உற்றுப் பார்த்தார். பக்கக் கண்ணாடியில் பார்த்தார், பஸ் ஜன்னல்களில் பார்த்தார். மருந்துக்கடையில் கண்ட ஒரு அம்மாவின் பின்னாலேயே மூன்று தெரு நடந்ததில், அவள் மகன் வந்து சட்டையைப் பிடித்தான். முகம் சரியாக நினைவில் இல்லை என்பதுதான் கொடுமை. வீட்டில் இருந்த போட்டோவில் அக்கா பாதி திரும்பி நிற்கிறாள். மனைவி ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்:

"அவங்க இருக்காங்கன்னு நம்புறீங்களா, செத்துட்டாங்கன்னு நம்புறீங்களா? புத்தகத்துல ஒண்ணு எழுதிட்டு ரோட்டுல ஒண்ணு தேடுறீங்களே."

அவர் கால் தரையை அழுத்தியது.

அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொரு மணி வகுப்பு ஒரு வங்கி ஊழியருக்கு. நாலாவது நாளாகியும் கிளட்சை விடத் தெரியாத ஆள். பிரேக்கு அவசரமாக உள்ளே வந்து கவுண்டரில் கையெழுத்துப் போட்டார், சாவியை எடுத்தார், கிளம்பினார். வண்டி வாசலைத் தாண்டி சாலையில் ஏறும்போது ஒரு பெண் குறுக்கே கடந்தாள். வங்கி ஊழியர் பதறி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பிரேக்கு தன் பிரேக்கை அழுத்தினார். வண்டி குலுங்கி நின்றது. அந்த அம்மா நின்று, வண்டிக்குள் பார்த்து, கையை லேசாகத் தூக்கிக் காட்டிவிட்டு மெதுவாகப் போனாள்.

"ஆடி அசைஞ்சு போறாங்க பாருங்க, சொந்த ரோடு மாதிரி," என்றார் பிரேக்கு. "சரி, ஃபர்ஸ்ட்ல போடுங்க."

பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தபோது கவுண்டரில் இருக்கும் பெண் புத்தகத்தை நீட்டினாள்.

"அண்ணே, உங்க புக்கு. பெஞ்சுல இருந்துச்சு. ஒரு அம்மா அரை மணி நேரமா உக்காந்திருந்தாங்க. வண்டி கத்துக்கணுமாம்மான்னு கேட்டேன். இல்லம்மா, சும்மாதான்னாங்க. நீங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டு வெளிய போனீங்கல்ல, அவங்களும் உடனே எழுந்து போயிட்டாங்க."

உள் அட்டையைத் திறந்தார். பதினேழாம் எண். கீழே இடங்களின் பட்டியல், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கையெழுத்தில்: பல் டாக்டர். பெண்கள் விடுதி. ரயில், ஜன்னல் சீட். கடைசி இரண்டு மட்டும் ஒரே கையெழுத்து, பென்சிலில்: நர்சுகள் ஓய்வறை. டிரைவிங் ஸ்கூல் பெஞ்ச்.

சாலைக்கு ஓடினார். அவள் கடந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இருந்தும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வெயிலில் வெகுநேரம் நின்றார். எட்டு மாதமாக ஊரில் ஒரு முகம் விடாமல் பார்த்தவர், கண்ணெதிரே வண்டிக்கு முன்னால் நின்று கை காட்டியவளைப் பார்க்கவில்லை. அந்தக் கையை மட்டும் நினைத்துப் பார்க்க முடிந்தது. முகம் வரவே இல்லை.

பிற்பகல் வகுப்புகளை வேறொருவரிடம் விட்டுவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து படித்தார். ஓரங்களில் பென்சில் திருத்தங்கள். ஒன்பதாம் பக்கத்தில் 'நீலப் பாவாடை' அடித்து, 'பச்சை'. இருபத்திரண்டாம் பக்கத்தில், காலில் முள் குத்திய தம்பியை அக்கா வீடு வரை தூக்கிவந்தாள் என்ற இடத்தில்: 'நடந்துதான் வந்தாய். நான் உன் செருப்பைத் தூக்கி வந்தேன்.' அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் செருப்பு விஷயம் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அறுபத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பக் கை வரவில்லை. திருப்பினார். 'பக்கத்து வீட்டு அத்தை' என்ற சொற்களின் மேல் ஒரே கோடு. மேலே 'நீ' என்று இருந்தது. பக்கத்தில், சின்ன எழுத்தில், 'பத்து வயது'. அவ்வளவுதான். அவர் கடிதத்தை நீட்டியதை அவள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்க வேண்டும், முப்பத்தைந்து வருடமாக அவளுக்குத் தெரியும். பிரேக்கு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அம்மா சாகிற அத்தியாயத்தில் பென்சில் இல்லை. காகிதம் மட்டும் இரண்டு இடத்தில் நனைந்து காய்ந்து சுருங்கியிருந்தது. கடைசி மூன்று பக்கத்தில், அக்கா லாரியில் அடிபடும் இடத்தில், ஒரு திருத்தமும் இல்லை. அச்சுப்பிழையைக்கூட விட்டுவிட்டிருந்தாள். முற்றும் என்பதற்குக் கீழே இரண்டு சொற்கள்: 'இது இருக்கட்டும்.'

மறுநாள் தானே ஓட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரி வாசல் வரை போனார். ஓய்வறை என்றுதான் எழுதியிருந்தாள், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. ஒவ்வொன்றாய்க் கேட்டால் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம். அவள் நர்ஸ் ஆகிவிட்டாள், ஓய்வு பெறும் வயதும் வந்திருக்கும் என்ற நினைப்பே அவருக்கு ஒரு சந்தோஷமாக இருந்தது. ஆனால் தன் சாவை 'இருக்கட்டும்' என்று விட்டவள் தேடிவரச் சொல்லவில்லை. ஒருமுறை அவள் போவதைத் தடுக்கப் பார்த்துத்தான் இவ்வளவும் நடந்தது. எஞ்சினை அணைக்காமல், பிரேக்கில் கால் வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

அந்த வாரமே பக்க வடிவமைப்பு செய்யும் அம்மாவிடம் போய்ப் பதினேழாம் பிரதியை மேசையில் வைத்தார். முதலில் வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"இதுல பென்சில்ல இருக்கிற திருத்தம் எல்லாம் போடணும்மா."

அந்த அம்மா புரட்டிக்கொண்டே வந்து அறுபத்தொன்றில் நின்றார். "என்ன சார், கதை சொல்றவனையே காட்டிக்கொடுத்தவனா ஆக்குறீங்க? படிக்கிறவங்களுக்கு உங்களைப் பிடிக்காமப் போயிடும்."

"போகட்டும். அங்க 'தம்பி'ன்னு போடுங்க."

"கடைசில?"

"அதுல கை வைக்க வேண்டாம்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சார், தப்பா நினைக்காதீங்க. அட்டையில உண்மைக் கதைன்னு போட்டிருக்கோம். கேக்கிறவங்களுக்கு நான் என்ன சொல்ல? உங்க அக்கா நிஜமாவே இறந்துட்டாங்களா?"

மேசைக்குக் கீழே பிரேக்கின் கால் தரையை அழுத்தியது. அழுத்தியபடியே இருந்தது.

"ஆமாம்மா," என்றார். "இறந்துட்டாங்க."

"அப்ப பின்னட்டைல உங்க போன் நம்பர் எதுக்கு சார்? கண்டவங்க கூப்பிடுவாங்க. எடுத்துடவா?"

"இல்லம்மா," என்றார் அவர். "அது இருக்கட்டும்."