ஸ்பிரிட் போட்டுத் துடைத்த கெட்டிமேளம்

பழைய இசைத்தட்டு கறகறவென்று இரைந்தால் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அழுத்தித் துடைக்க வேண்டும், சத்தம் கண்ணாடி போலத் தெளிந்துவிடும் என்று நான் நம்பியிருந்தேன். பத்து வயதில் நம்பியதை மன்னிக்கலாம். போன தை மாதம் வரைக்கும் நம்பியிருந்தேன். நம்பியதோடு நிற்காமல், கொழும்பில் கணினி வேலை பார்க்கும் என் மகனுக்குப் பல தடவை விரிவுரையும் ஆற்றியிருக்கிறேன். அவன் உயர்தர டிஜிட்டல் ஒலி என்று ஒரு சின்னக் கருவியும் காதை மூடும் பெரிய ஹெட்போனும் வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்தால் அதை என் தலையில் மாட்டிவிட்டு, “கேளுங்கோ அப்பா, பாடுறவர் மூச்சு விடுறதும் கேக்குது” என்பான். மூச்சு விடுவதைக் கேட்க எனக்கு உன் அம்மாவின் குறட்டை போதும் என்று கழற்றிக் கொடுத்துவிட்டு, சித்தியின் கலியாணத்தில் நான் கேட்ட இசைத்தட்டின் கதையைத் தொடங்குவேன். அந்தச் சத்தத்துக்கு ஈடாக இன்னும் ஒன்று பிறக்கவில்லை என்று முடிப்பேன். இப்போது அதை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

மாமா, அம்மாவின் அண்ணன், உட்துறைமுக வீதியில் எங்களோடு ஒரே வளவில் இருந்தவர். கோயில் திருவிழாவோ கலியாணமோ, திருகோணமலையில் ஒலிபெருக்கி கட்டுவதற்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் ஒரு பெட்டி நிறையக் கறுப்பு அரக்குத் தட்டுகள் இருந்தன. கை தவறினால் ஓடு மாதிரி உடைகிற சாதி. தனக்குப் பிள்ளைகள் இல்லாததால் அவற்றை உடுப்பு மாற்றாத குறையாகப் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் ஊருக்குள் நாடாவில் பாட்டுப் பதிந்த கசெற் வந்தது. கிண்ணியாவிலிருந்து வந்து, எல்லாரும் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணர் லிங்கநகரில் கசெற் கடை போட்டார். தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் இருக்கும்போது மாமா, “அது பாட்டில்லை, பாட்டின்ர பிணம், றிபனாலை சுத்தி வச்சிருக்கு” என்று சொல்லிவிட்டார். தேத்தண்ணி ஆறுவதற்கு முன் கதை லிங்கநகருக்குப் போய்விட்டது. அதன் பிறகு மூன்று வருசம் இருவரும் பேசவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் மாமா கடலைப் பார்ப்பார், நானா தன் சைக்கிள் செயினைப் பார்ப்பார்.

அம்மாவின் தங்கச்சி, சித்திக்குக் கலியாணம் பேசி முடித்திருந்த நேரம், சண்டையால் பாதையைப் பூட்டிவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருந்த மேளக்காரர் வர ஏலாது என்று தந்தி அடித்தார். உள்ளூர் மேளத்தை அதே முகூர்த்தத்தில் வேறு வீடுகள் பிடித்துவிட்டன. மேளம் இல்லாமல் தாலி கட்டுவதா என்று அம்மா குசினி அடுப்புக்கு முன்னால் இருந்து அழத் தொடங்க, மாமா எழும்பி, நான் இருக்கிறேன் என்றார். அவரிடம் இருந்த தட்டுகளில் ஒன்றின் ஒரு பக்கத்தில் முழுக்கக் கெட்டிமேளம்தான். மூன்று நிமிடம். ஒரு தாலி கட்ட அது தாராளம்.

மாப்பிள்ளையின் தகப்பன் துறைமுகத்தில் சுங்கத்தில் வேலை பார்த்தவர். எதையும் திறந்து பார்க்காமல் விட மாட்டார். தட்டைப் போட்டுக் காட்டச் சொல்லி வீட்டுக்கே வந்துவிட்டார். மாமா போட்டார். நாதஸ்வரம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் நடுவிலும் கறகற சத்தமும் வந்தது.

“இதென்ன, ஆரோ வடை பொரிக்கிற சத்தம். இந்தப் பொரியலுக்கை என்ர மகன் தாலி கட்டமாட்டான். லிங்கநகரிலை கசெற் இருக்காமே?” என்றார் சம்பந்தி.

“அது பொரியல் இல்லை. ஊசியும் தட்டும் கதைக்கிற கதை. ரெண்டு பேர் கதைச்சால் சத்தம் வரும்தானே” என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தி, “என்ர தங்கச்சிக்குத் தட்டுத்தான். கசெற் போடுறதெண்டால் நான் அந்தப் பந்தலுக்கை கால் வைக்கமாட்டன்” என்றார். முகூர்த்தத்திலும் இப்படிப் பொரிந்தால் மகனை எழுப்பிக் கூட்டிப்போவேன் என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி போனார்.

சித்தி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் இல்லாத கலியாணமா, மேளம் இல்லாத கலியாணமா என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நான் அதை வாசித்தேன். வாசித்ததோடு சும்மா இருந்திருக்கலாம்.

கலியாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் மாமா தென்னையில் ஏறி ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் எல்லாரும் குசினியில். அப்பா ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிறவர் என்பதால் வீட்டு அலுமாரியில் எப்போதும் ஒரு ஸ்பிரிட் போத்தல் இருக்கும். ஊசி போடுவதற்கு முன் தோலைத் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அழுக்கை எடுக்க இதைவிட வேறு என்ன? கறகறப்பு என்பது அழுக்கு, அழுக்குப் போனால் சம்பந்தியின் வாய் அடைத்துவிடும், மாமாவும் வருவார், மேளமும் வரும். கணக்குச் சுத்தமாக இருந்தது.

பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. இவ்வளவு அழுக்கா என்று எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. அடுத்த பஞ்சு, அதற்கடுத்த பஞ்சு. எவ்வளவு துடைத்தாலும் அழுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒன்பதாவது பஞ்சில்தான் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மினுமினுத்த தட்டு சாம்பல் பூசிய அடுப்புக்கல் மாதிரி இருந்தது. விரல் வைத்தால் ஒட்டியது.

அதன் பிறகு எடுத்த முடிவை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மினுக்கம்தானே போனது என்று தேங்காய் எண்ணெய் பூசினேன். மினுக்கம் வந்தது. உறையில் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

அன்று பின்னேரம் முழுக்க நான் திட்டம் போட்டேன். இலங்கைத்துறையில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் மீன்பிடிக்கிறார், அவரிடம் ஓடிப்போய்க் கடல் தொழில் பழகலாம் என்று ஒரு திட்டம். படகில் ஏறினால் சத்தி எடுப்பேன் என்பது நினைவு வந்ததும் அதைக் கைவிட்டேன். முகூர்த்த நேரத்தில் மயங்கி விழுந்தால் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள், மேளத்தை மறந்துவிடுவார்கள் என்று இன்னொன்று. வளவு மூலையில் இரண்டு தரம் விழுந்து பழகினேன். இரண்டாம் தரம் உண்மையாகவே முழங்கை உரிந்தது. கடைசியில் ஒரு பித்தளைத் தாம்பாளமும் அகப்பையும் திருடி வைத்துக்கொண்டேன். தட்டு ஊமையானால் நானே அடித்துவிடுவது. மூன்று நிமிடம்தானே.

விடிந்தது. பந்தலில் மாமா பட்டு வேட்டி கட்டி, வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் தட்டுச் சுற்றும் பெட்டியோடு இருந்தார். நான் மணவறைக்குப் பக்கத்தில் தாம்பாளத்தை மடியில் வைத்து அதன்மேல் பூவைப் பரப்பி, அகப்பையைக் காற்சட்டைக்குள் செருகிக்கொண்டு இருந்தேன். நிமிர்ந்துதான் இருக்க முடிந்தது. நல்ல பிள்ளை, எவ்வளவு ஒழுங்காக இருக்கிறான் என்று சம்பந்தியம்மா கன்னத்தைத் தடவினார்.

ஐயர் கையை உயர்த்தினார். மாமா ஊசிக்கையைத் தூக்கித் தட்டில் வைப்பதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

கெட்டிமேளம் வந்தது. அப்படி ஒரு கெட்டிமேளம். கறகறப்பு இல்லை, இரைச்சல் இல்லை, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கழுவித் துடைத்து வைத்த மாதிரி. சித்தி கழுத்தில் தாலி ஏறியது. சம்பந்தி எழும்பி நின்று, “இப்ப விளங்குது, தட்டெண்டால் தட்டுத்தான்” என்றார். எனக்கு அகப்பையின் வலியும் மறந்துபோனது. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு வைத்தியத்தைக் கண்டுபிடித்தவன் நான். மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. ஆனந்தத்தில் வாயடைத்துப்போனார் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மாமா தட்டா கசெற்றா என்று யாரோடும் வாதாடவில்லை. யாராவது அந்தக் கலியாணத்துச் சத்தத்தைப் புகழ்ந்தால் எழும்பிப் போய்விடுவார். வயது போனால் மனிதர் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். இன்றைக்கு எனக்கு இருக்கும் வயதைவிட அப்போது அவருக்குப் பத்து வயது குறைவு.

மாமா செத்து நாலு வருசம். போன தை மாதம் மகன் வந்தபோது, அந்தத் தட்டைத் தேடி எடுத்து, இதை உன் கருவியில் ஏற்றிக் காட்டு பார்ப்போம் என்று சவால் விட்டேன். அவன் எங்கேயோ ஒரு தட்டுச் சுற்றும் பெட்டி இரவல் வாங்கி, கணினியோடு பொருத்தினான். அன்புவழிபுரத்திலிருந்து சித்தியும் வந்து கதிரையில் இருந்தாள். ஊசி இறங்கியது. சர்ர்ர் என்று மணல் கொட்டுகிற சத்தம். மூன்று நிமிடமும் அதுதான். மகனின் கருவி அந்த ஒன்றுமில்லாததை ஒரு மணலும் தவறாமல் மிகத் துல்லியமாகப் பதிந்துகொண்டது.

இத்தனை வருசத்தில் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றேன்.

“கலியாணத்தண்டும் உப்பிடித்தானே இருந்தது” என்றாள் சித்தி.

எல்லாரும் தாலியைப் பார்த்த நேரத்தில் அவளை மட்டும் தலை குனிந்திருக்கச் சொல்லியிருந்தார்கள். குனிந்த கண்ணுக்கு மேசைத் துணியின் கீழ் விளிம்பு தெரிந்திருக்கிறது. அதற்குள்ளே சால்வையில் சுற்றிய ஒரு ரேப் ரெக்கோடரும், அதை அமத்தும் மாமாவின் விரலும்.

“பிறகு கேட்டனான். முதல் நாள் பின்னேரம் போட்டுப் பார்த்தவராம். ஸ்பிரிட் மணமும் எண்ணெயும். ஸ்பிரிட்டிலை அரக்குக் கரைஞ்சிடும், பெடியன் தெரியாமல் துடைச்சுப்போட்டான், அவனுக்குச் சொல்லாதை, பயந்துபோவான் எண்டவர். நானும் சொல்லேல்லை” என்றாள் சித்தி. “இப்ப நீ பயப்பிடமாட்டாய்தானே?”

மகன் ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். நான் வளவு மூலையில் மயங்கி விழப் பழகிக்கொண்டிருந்த அந்தப் பின்னேரம், மாமா சைக்கிளில் லிங்கநகருக்குப் போய், நானாவின் கடை வாசலில் இறங்கி, தனக்கு ஒரு கெட்டிமேளக் கசெற் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நானா எடுத்துக் கொடுத்திருக்கிறார்.